மாலத்தீவு: மருத்துவருக்கும் உங்களுக்கும் நடுவே கடல்

சென்னையில் விமானம் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் மாலே. திருவனந்தபுரத்தில் ஏறினால் இன்னும் சீக்கிரம். இத்தனை பக்கத்தில் இருப்பதால்தான், பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம் என்று முதல்முறை போகிறவர்கள் நினைத்துவிடுகிறார்கள். நானும் அக்காவும் அப்படித்தான் போனோம். பையில் தலைவலி மாத்திரை ஓர் அட்டை, தொப்பி, நீச்சலுடை, அவ்வளவுதான். மூன்றாம் நாள் இரவு அக்காவுக்குக் காய்ச்சல் 103 டிகிரி. தீவுச் சுகாதார நிலையத்து மருத்துவர் தூக்கத்திலிருந்து எழுந்துவந்து நிதானமாகப் பார்த்தார். "இப்போதைக்குப் பயமில்லை. விடிந்ததும் மாலேவுக்குப் போய் ரத்தம் சோதித்துவிடுங்கள்" என்றார். விடிய ஆறு மணி நேரம் இருந்தது. படகுத்துறைக்குப் போய் நின்று பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை இருட்டும் தண்ணீரும்தான்.

அக்கா நலமாகத் திரும்பினார். ஆனால் போகும் முன் யாராவது எங்களிடம் சொல்லியிருக்க வேண்டியவை நிறைய இருந்தன.

எந்தத் தீவு, எவ்வளவு தூரம்

மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள். மக்கள் குடியிருப்பவை சுமார் 200. வடகோடியிலிருந்து தென்கோடிவரை 800 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் நாடு இது. அதில் பெரிய சிகிச்சைக்கான வசதிகள் பெரும்பாலும் தலைநகரைச் சுற்றியே இருக்கின்றன. இந்திய உதவியோடு கட்டப்பட்டு 1995இல் திறக்கப்பட்ட இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை மாலேயில் இருக்கிறது. ஏ.டி.கே. என்ற தனியார் மருத்துவமனையும் அங்கேதான். மற்றத் தீவுக்கூட்டங்களில் சிறிய மருத்துவமனைகளும், ஊர்த்தீவுகளில் சுகாதார நிலையங்களும் உண்டு. அங்கே பணிபுரியும் மருத்துவர்களில் இந்தியர்களும் பலர் என்பதால் பேச்சுக்குத் தட்டுப்பாடு வராது.

தட்டுப்பாடு போக்குவரத்தில்தான். கடல்விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பொதுப் படகுகள் பல வழித்தடங்களில் வெள்ளிக்கிழமை ஓடாது. அலை பெரிதாக இருந்தால் விரைவுப் படகும் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே அறை பதிவு செய்யும்போது காலைச் சாப்பாடு உண்டா என்று கேட்பதற்கு முன்னால் வேறு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தீவில் மருத்துவர் இருக்கிறாரா? மாலேவுக்குப் படகில் எவ்வளவு நேரம்? இரவில் அவசரம் என்றால் யார் படகு தருவார்கள்? இதய நோயாளியோ, கர்ப்பிணியோ, கைக்குழந்தையோ உடன் வந்தால், தலைநகரிலிருந்து விரைவுப் படகில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையும் தீவாகத் தேர்ந்தெடுங்கள். மாஃபுஷி போன்ற ஊர்த்தீவுகள் அந்தத் தூரத்தில்தான் இருக்கின்றன. தொலைதூரத் தீவின் அழகை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பயணக் காப்பீடு எடுப்பவர்கள் பெட்டி தொலைந்தால் பணம் வருமா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். பார்க்க வேண்டிய வரி, நோயாளியைப் படகிலோ விமானத்திலோ அப்புறப்படுத்தும் செலவு. கடலடி நீச்சல் செய்யப்போகிறீர்கள் என்றால் அதற்கும் பாதுகாப்பு சேர்ந்திருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். ஆம்புலன்ஸுக்கு 102, காவல்துறைக்கு 119, கடலோரக் காவலுக்கு 191. இறங்கியவுடன் இவற்றைக் கைபேசியில் ஏற்றிவையுங்கள்.

பெட்டியில் என்ன இருக்கலாம்

வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளைப் பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். அவை கைப்பையில் இருக்கட்டும், அதுவும் கடையில் வாங்கிய அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும். வீட்டில் நாம் செய்வதுபோல் எல்லாவற்றையும் பிரித்து ஒரே டப்பாவில் கொட்டிக்கொண்டு போகாதீர்கள். மாலத்தீவின் போதைப்பொருள் சட்டம் கடுமையானது. டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை போன்றவற்றுக்குச் சீட்டு கட்டாயம் வேண்டும். சிலவற்றுக்கு முன்அனுமதியும் தேவைப்படலாம். உங்கள் மருந்து அந்த வகையா என்பதைப் புறப்படுவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் வைக்க வேண்டாம், உறைந்துபோனால் பயன்படாது.

மின்சிகரெட் 2024 டிசம்பரிலிருந்து அங்கே தடை. சுற்றுலா வந்தவர் என்று விலக்குக் கிடையாது. மதுவையும் கொண்டுபோக முடியாது. இமுகா என்ற இணையப் படிவத்தை வருகைக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். மஞ்சள் காய்ச்சல் பரவியுள்ள ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகள் வழியாக வருகிறவர்கள் மட்டும் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும். மற்றவர்கள் டெட்டனஸ், டைஃபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ ஊசிகளைப் பற்றிக் குடும்ப மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

படகில் குமட்டல் வருபவர்கள் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் அது வயிற்றில் நிற்காது. விரைவுப் படகின் முன்பக்கம் காற்று நன்றாக வரும் என்று போய் உட்காராதீர்கள். அலைமேல் படகு மோதும் ஒவ்வொரு முறையும் முழு அதிர்ச்சியும் அங்கே உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பில் இறங்குகிறது. முதுகுவலி உள்ளவர்களும், எலும்பு தேய்ந்த முதியவர்களும், கர்ப்பிணிகளும் பின்வரிசைதான் கேட்டு வாங்க வேண்டும்.

நீரின் நிறம் மாறும் இடம்

எனக்கு மிகவும் கவலை தருவது இந்தப் பகுதிதான். மாலத்தீவில் சுற்றுலாப் பயணிகளின் உயிரைப் பறிப்பது சுறா அல்ல. பலரும் குழாய் வழியே மூச்சுவிட்டுக்கொண்டு முகத்தை நீரில் அமிழ்த்தி மிதக்கும்போது, அதாவது ஸ்நார்கெலிங் செய்யும்போது இறக்கிறார்கள். அமைதியான நீர், இளஞ்சூடு, கீழே வண்ண மீன்கள். ஆபத்து இருப்பதாகவே தோன்றாது.

தீவைச் சுற்றி இடுப்பளவு, கழுத்தளவு வெளிர்நீல நீர் இருக்கும். அதன் ஓரத்தில் பவளப்பாறை. அதைத் தாண்டியதும் நீர் சட்டென்று கருநீலமாகிவிடும். அந்த நிறம் மாறும் கோட்டில் தரை செங்குத்தாகக் கீழே போகிறது. நம் கடற்கரைக்காரர்கள் நீவாடு என்று சொல்கிற நீரோட்டம் அந்த விளிம்பை ஒட்டி வலுவாக ஓடும். பவளத்திட்டுகளுக்கு நடுவே உள்ள வாய்க்கால்களை அங்குள்ளவர்கள் கந்து என்கிறார்கள். ஓதம் ஏறி இறங்கும்போது தீவுக்கூட்டத்தின் உள்ளேயும் வெளியேயும் உள்ள நீர் அந்த வழியாகத்தான் பாய்கிறது. மீனைப் பார்த்துக்கொண்டே போகிறவருக்கு, தன்னை நீர் இழுத்துக்கொண்டு போவது நிமிர்ந்து பார்க்கும்போதுதான் தெரியும். அப்போது ஓட்டத்தை எதிர்த்து நீந்தி மல்லுக்கட்டக் கூடாது. ஓட்டத்துக்குக் குறுக்காக நீந்தி விலகுங்கள். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையசையுங்கள்.

இதில் இன்னொரு விஷயம் பலருக்கும் தெரியாது. குழாய் வழியே மூச்சை இழுப்பது நுரையீரலுக்குக் கூடுதல் வேலை. ஹவாயில் நடந்த ஸ்நார்கெல் பாதுகாப்பு ஆய்வில், ஆபத்தில் சிக்கிய பலர் நீரை விழுங்கித் திணறியவர்கள் அல்ல என்று தெரியவந்தது. மூச்சை வலிந்து இழுத்ததில் நுரையீரலுக்குள்ளேயே நீர் கோத்திருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கும், ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். ஆகவே நீரில் திடீரென்று மூச்சு வாங்கினாலோ, கைகால் தளர்ந்தாலோ, "கொஞ்சம் களைப்பு, சரியாகிவிடும்" என்று தொடராதீர்கள். உடனே நின்று, குழாயையும் கண்ணாடியையும் கழற்றி, மல்லாந்து, உதவிக்குக் கூப்பிடுங்கள். முகம் முழுவதையும் மூடும் கவசத்தை அவசரத்தில் கழற்றுவது கடினம். எனக்கு அது வேண்டவே வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது.

நீந்தத் தெரியாதவர்கள் மிதவைச்சட்டை அணிந்து, கால் தரையில் படும் இடத்திலேயே நில்லுங்கள். கணவன் படம் எடுக்கிறார், மனைவி தனியாக மிதக்கிறார் என்ற ஏற்பாடு கூடாது. பக்கத்தில் ஒருவர் கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும்.

காற்றுக் குடுவையோடு ஆழத்துக்குப் போகிறவர்களுக்கு அங்கே சட்டப்படி எல்லை 30 மீட்டர். ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் விமானம் ஏறினால் குமிழாகி மூட்டையும் மூளையையும் தாக்கலாம். ஒரே ஒருமுறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை என்றால் 18 மணி நேரம் கழித்தே பறக்க வேண்டும். ஒரு முழு நாள் விடுவது இன்னும் நல்லது. கடல்விமானமும் விமானம்தான். கடைசி நாளைக் கரையிலேயே கழிக்கும்படி திட்டமிடுங்கள்.

பவளம் கீறிய காயம் சின்னதாகத் தெரியும், ஆனால் எளிதில் சீழ் பிடிக்கும். நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, உள்ளே சிக்கிய துணுக்குகளை எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோயாளிகள் செருப்பில்லாமல் நீரில் இறங்கவே வேண்டாம். கல்லோடு கல்லாகக் கிடக்கும் ஸ்டோன்ஃபிஷ் என்ற மீனின் முள் குத்தினால் வலி தாங்க முடியாது. பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் காலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை அமிழ்த்தினால் வலி தணியும். பிறகு மருத்துவரிடம் போக வேண்டும்.

வெயில்

நிலநடுக்கோடு இந்த நாட்டின் ஊடாகவே செல்கிறது. "நமக்கென்ன, பிறந்ததிலிருந்து வெயிலில்தானே இருக்கிறோம்" என்று நானும் சொன்னேன். இரண்டு மணி நேரம் குப்புற மிதந்ததில் முதுகும் முழங்காலின் பின்பக்கமும் வெந்து, அன்றிரவு படுக்க முடியவில்லை. நீர் குளிர்ச்சியாக இருப்பதால் சுடுவது தெரிவதில்லை, வெள்ளை மணலோ விழும் கதிரைத் திருப்பி அனுப்புகிறது. கருத்த தோலும் வேகும். முழுக்கை நீச்சல்சட்டைதான் சிறந்த பாதுகாப்பு. மறையாத இடங்களில் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத களிம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசுங்கள்.

ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இங்கே கவனியுங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு போன்றவை தோலை வெயிலில் எளிதில் வேகச்செய்யும், உடலின் நீரையும் இறக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், போவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

குடிநீரும் சூரையும்

ஆறு இல்லாத நாடு அது. மாலே நகரம் கடல்நீரைச் சுத்திகரித்த நீரைத்தான் நம்பியிருக்கிறது. 2014 டிசம்பரில் மாலேயின் சுத்திகரிப்பு நிலையம் தீப்பிடித்தபோது நகரமே தாகத்தில் தவித்தது. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. நீங்கள் மூடிய பாட்டில் நீரோ விடுதியின் வடிகட்டிய குடிநீரோ குடியுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கைவசம் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் நல்ல நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

அங்கே காலையில் மாஸ் ஹுனி கிடைக்கும். சூரை மீனைத் தேங்காய்த்துருவல், வெங்காயம், மிளகாயோடு பிசைந்து ரொட்டியோடு தருவார்கள். நமக்கு மாசிக்கருவாடாகத் தெரிந்த அதே சூரைதான். தயங்காமல் சாப்பிடலாம். ஆனால் பிடித்த மீன் பனிக்கட்டியில்லாமல் வெயிலில் கிடந்திருந்தால் அதில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும், எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. நாக்கில் மிளகு போல் சுரீரென்றால் தட்டை ஒதுக்கிவிடுங்கள். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடத்து, அரிப்பெடுத்தால் இதுவாக இருக்கலாம். பெரும்பாலும் ஒவ்வாமை மாத்திரையில் தணியும். மூச்சுத் திணறினால் காத்திருக்கக் கூடாது.

பகலில் கடிக்கும் கொசு

மலேரியா அங்கே இல்லை. உள்ளூரில் தொற்றிய மலேரியா 1984க்குப் பின் கிடையாது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் சான்றும் கொடுத்தது. டெங்கு இருக்கிறது. ஆண்டு முழுவதும் வரலாம். மே முதல் நவம்பர்வரை நீளும் தென்மேற்குப் பருவமழையில் அதிகம். ஹுளங்கு என்று அந்த மழைக்காலத்தைச் சொல்கிறார்கள்.

டெங்குக் கொசு பகலில் கடிக்கும், குறிப்பாக விடிந்த பிறகும் மாலை மயங்கும் முன்பும். டீட் கலந்த கொசுவிரட்டியைக் காலையிலேயே பூசுங்கள். வெயில் களிம்பும் பூசுவதென்றால் அது முதலில், கொசுவிரட்டி அதன்மேல். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் தொடவே கூடாது, ரத்தக்கசிவை அவை மோசமாக்கும். இதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். எங்கள் பையில் அன்று இருந்த அந்த ஓர் அட்டை ஐபுபுரூஃபன்தான். மருத்துவர் அதை எங்களிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டார்.

காய்ச்சல் இறங்கும் நாளில்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உடம்பு ஆறிவிட்டது என்று நிம்மதி அடையும் நேரத்தில் கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், தள்ளாட்டம் வந்தால் அடுத்த படகிலேயே ஏறுங்கள். திவேஹி மொழியில் காய்ச்சலுக்கு ஹுன், மருந்துக்கு பேஸ், தண்ணீருக்கு ஃபென். இந்த மூன்று சொல்லைச் சொன்னாலே படகுக்காரர் புரிந்துகொள்வார்.

ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தாலும், மாலத்தீவு போய்வந்தேன் என்று மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். காய்ச்சல் தீரும்வரை பகலிலும் கொசுவலைக்குள்ளேயே படுங்கள். உங்களைக் கடித்த கொசு அடுத்து உங்கள் வீட்டுக் குழந்தையைக் கடிக்கும்.