பஸ் பெட்ரோலில் போன பந்தயம்

1934 அக்டோபர் 20. இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு விமானப் பந்தயம். 1930-லேயே ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்து காட்டிய ஏமி ஜான்சன், கணவர் ஜிம் மாலிசனுடன் 'காமெட்' விமானத்தில் கிளம்பினார். நடுவே பாக்தாத்தில் மட்டும் இறங்கி, சுமார் 22 மணி நேரத்தில் கராச்சி! அன்றைய இந்தியாவின் ஊர் அது. இங்கிலாந்து - இந்தியா பயணத்தில் புதிய வேக சாதனை.

அடுத்து வழி தவறி ஜபல்பூரில் இறங்கினார்கள். அங்கே விமான பெட்ரோல் இல்லை. பஸ் கம்பெனியில் வாங்கி நிரப்பினார்கள்.

பந்தயத்துக்காகவே அதிக அழுத்தத்தில் ஓடும்படி செய்த இன்ஜின். பஸ்ஸுக்குப் போதுமான பெட்ரோல் அதில் நேரம் தவறிப் பற்றிக்கொள்ளும். பிஸ்டன் இறுகியது. மிச்சமிருந்த ஒற்றை இன்ஜினோடு அலகாபாத்தில் இறங்கி, விலகினார்கள்.

சுமார் 71 மணி நேரத்தில் மெல்போர்ன் சேர்ந்து ஜெயித்த விமானம் எது தெரியுமா? அதுவும் ஒரு காமெட்தான்!