விடுப்பு நாட்களும் ஊர்ப் பயணமும்

புதிய ஆண்டின் நாட்காட்டி கைக்கு வந்தவுடன், வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் பெரும்பாலோர் முதலில் நோக்குவது பொங்கல் எந்தக் கிழமையில் வருகிறது என்பதையே. வெள்ளியிலோ திங்களிலோ வந்தால் முகம் மலரும். புதன்கிழமையில் வந்தால் வாடும். அடுத்துத் தீபாவளி, சித்திரை முதல் நாள், குலதெய்வக் கோயில் திருவிழா, உறவினர் வீட்டுத் திருமணங்கள் என ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்குவோம். எண்ணி முடிக்குமுன்னே விடுப்பு நாட்கள் தீர்ந்துவிடும். இருக்கின்ற சில நாட்களைக் கொண்டு ஓர் ஆண்டின் பயணங்களை எவ்வாறு வகுத்துக்கொள்ளலாம் என்பதே இன்று நாம் ஆராயும் பொருள். கொச்சி மட்டாஞ்சேரியில் குடியிருக்கும் மத்திய அரசு ஊழியர் ஒருவரின் குடும்பத்தை உதாரணமாகக் கொள்வோம். பிற ஊர்களில் வாழும் நேயர்கள் தத்தம் நிலைமைக்கேற்ப இதனைப் பொருத்திக்கொள்ளலாம்.

முதலில் கையிருப்பைக் கணக்கிடுவோம். மத்திய அரசு அலுவலகங்களில் ஓராண்டுக்குத் தற்செயல் விடுப்பு 8 நாட்கள். ஈட்டிய விடுப்பு 30 நாட்கள். இது ஜனவரி முதல் தேதியில் 15 நாட்களாகவும், ஜூலை முதல் தேதியில் 15 நாட்களாகவும் நம் கணக்கில் சேர்கிறது. ஊழியர் தம் விருப்பப்படி பட்டியலிலிருந்து தேர்ந்துகொள்ளும் வரையறுக்கப்பட்ட விடுமுறை 2 நாட்கள். இவற்றோடு அலுவலகத்தின் பொது விடுமுறைகளும் சனி, ஞாயிறுகளும் உள்ளன. நோய்க்கென ஒதுக்கத்தக்க அரைச் சம்பள விடுப்பை இக்கணக்கில் சேர்க்காமல் இருப்பதே விவேகம்.

சட்ட விதிகளை மொழிபெயர்ப்பது என் தொழில். அத்தொழிலில் கண்ட ஓர் உண்மை: பெயர்கள் பல வேளைகளில் தம் பயனைத் தாமே கூறிவிடுகின்றன. தற்செயல் விடுப்பு என்பது எதிர்பாராமல் நேரும் காரியத்துக்கு உரியது. குழந்தைக்குக் காய்ச்சல் வரலாம். வீட்டில் நீர்க்குழாய் உடையலாம். ஊரிலிருந்து அவசரச் செய்தி வரலாம். எட்டு நாட்களையும் பிப்ரவரிக்குள் செலவழித்துவிட்டவர், இவை நேரும்போது கையைப் பிசைய நேரிடும். ஆகவே எட்டில் மூன்று நாட்களை டிசம்பர் வரை தொடாமல் வைப்பது நலம். ஈட்டிய விடுப்போ உழைத்துச் சேர்த்த பொருளைப் போன்றது. முன்கூட்டித் திட்டமிட்டுச் செலவிட வேண்டியது. எனினும் எந்த விடுப்பும் உரிமையாகக் கோரத்தக்கதன்று என்று விதியே கூறுகிறது. அலுவலின் அவசியம் முதலிடம் பெறும். விண்ணப்பத்தை முன்னதாகக் கொடுப்பவருக்கே அனுமதி எளிதில் கிட்டும்.

இனி, பலரும் கவனிக்கத் தவறும் ஒரு நுட்பம். தற்செயல் விடுப்பின் நடுவே வரும் ஞாயிறும் விடுமுறை நாளும் விடுப்புக் கணக்கில் சேர்வதில்லை. ஈட்டிய விடுப்பின் நடுவே வருபவை கணக்கில் சேர்ந்துவிடும். அதன் முன்னும் பின்னும் வருபவை மட்டுமே சேர்வதில்லை. இவ்விரு விடுப்புகளையும் ஒன்றோடொன்று இணைக்கவும் இயலாது. ஆகவே, நடுவில் விடுமுறை நாள் கிடக்கும் குறும்பயணத்துக்குத் தற்செயல் விடுப்பு ஏற்றது; இரு ஓரங்களிலும் விடுமுறை நாள் நிற்கும் நெடும்பயணத்துக்கு ஈட்டிய விடுப்பு ஏற்றது. திங்கள் முதல் வெள்ளி வரை 5 நாட்கள் ஈட்டிய விடுப்பு எடுத்தால், இருபுறமும் உள்ள சனி, ஞாயிறுகளோடு 9 நாட்கள் கிடைக்கின்றன. அடுத்த வெள்ளி வரை நீட்டினால் செலவு 12 நாட்கள், கிடைப்பவை 16. இதையே இரண்டு தனித்தனி வாரங்களாக எடுத்தால் செலவு 10 நாட்கள்; கிடைப்பவை 18. ஒரே நீண்ட பயணத்தைவிட இரண்டு நடுத்தரப் பயணங்கள் விடுப்பைச் சிக்கனமாக்குகின்றன. ஆண்டில் ஒரு முறைக்குப் பதிலாக இரு முறை ஊர் முகத்தைப் பார்க்கவும் முடிகிறது.

2026-ஆம் ஆண்டின் நாட்காட்டியை உதாரணமாக விரித்துப் பார்ப்போம். பொங்கல் ஜனவரி 15, வியாழக்கிழமை. அலுவலக விடுமுறைப் பட்டியலில் பொங்கல் இடம்பெறாத ஊர்களில் அன்றைக்கு வரையறுக்கப்பட்ட விடுமுறையையும், மாட்டுப் பொங்கலாகிய வெள்ளிக்குத் தற்செயல் விடுப்பு ஒரு நாளையும் கொண்டால், ஞாயிறு வரை நான்கு நாட்கள் ஆகின்றன. குடியரசு நாள் திங்கட்கிழமை. புனித வெள்ளி ஏப்ரல் 3. காந்தி ஜயந்தி வெள்ளிக்கிழமை. இம்மூன்றிலும் ஒரு நாள் விடுப்புமின்றி மும்மூன்று நாட்கள் கிடைக்கின்றன. சித்திரை முதல் நாளான ஏப்ரல் 14 செவ்வாய்க்கிழமை ஆதலால், திங்களைச் சேர்த்துக்கொண்டால் மீண்டும் நான்கு நாட்கள். சுதந்திர நாள் சனிக்கிழமையிலும் தீபாவளி ஞாயிற்றுக்கிழமையிலும் விழுகின்றன. அவ்விரண்டும் ஊழியருக்கு நஷ்டமே. ஆனால் கிறிஸ்துமஸ் வெள்ளியன்று வருகிறது. டிசம்பர் 28 முதல் 31 வரை 4 நாட்கள் ஈட்டிய விடுப்பும், ஜனவரி முதல் தேதிக்கு வரையறுக்கப்பட்ட விடுமுறையும் கொண்டால், தொடர்ந்து பத்து நாட்கள் நம் வசமாகும்.

இப்பத்து நாட்களுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. கேரளப் பள்ளிகளின் விடுமுறையும் தமிழகப் பள்ளிகளின் விடுமுறையும் ஒத்துவருவது அரிது. ஓணத்துக்கு இங்குள்ள குழந்தைகளுக்குப் பத்து நாள் ஓய்வு. அப்போது ஊரில் மாமன் மக்களும் அத்தை மக்களும் பள்ளிக்கூடத்தில் இருப்பர். இவ்விரு மாநிலக் குழந்தைகளும் ஒருங்கே ஓய்ந்திருப்பது பெரும்பாலும் மே மாதத்திலும் கிறிஸ்துமஸ் வாரத்திலும்தான். வெளிமாநிலத்தில் வளரும் குழந்தை தமிழைப் பாடப்புத்தகத்தைவிட விளையாட்டுத் தோழரிடமிருந்தே விரைவில் கற்கும். ஆதலின் நெடிய பயணத்தை இவ்விரு பருவங்களில் அமைப்பது, வீட்டுப் பேச்சில் மட்டும் எஞ்சியிருக்கும் தாய்மொழிக்கு உரமிடுவதாகும்.

நாளை மிச்சப்படுத்துவதில் இரயிலுக்கும் பங்குண்டு. மாலையில் அலுவலகம் முடிந்து, தோப்பும்படி வழியாக எர்ணாகுளம் சந்திப்பை அடைந்து, இரவு காரைக்கால் விரைவு வண்டியில் ஏறுபவர் மறுநாள் முற்பகலுக்குள் திருச்சியையும் தஞ்சையையும் காணலாம். தென்பாண்டி நாட்டவர்க்கு எர்ணாகுளம் நகர நிலையத்தின் வழியே தூத்துக்குடிக்குச் செல்லும் பாலருவி விரைவு வண்டி உதவுகிறது. அது செல்லும் கொல்லம் – செங்கோட்டைப் பாதையில் 1904-ஆம் ஆண்டில் இரயில் ஓடத் தொடங்கிற்று. அகலப் பாதையாக மாற்றப்பட்டபின் 2018-ஆம் ஆண்டில் அது முழுமையாகத் திறக்கப்பட்டது. இரவுப் பயணம் ஒரு பகலை நமக்கு மீட்டுத் தருகிறது. ஆயின் இடம் கிடைக்க வேண்டுமே! முன்பதிவு 120 நாட்களுக்கு முன் தொடங்கிய காலம் போய், 2024 நவம்பர் முதல் 60 நாட்களாகக் குறைக்கப்பட்டுள்ளது. ஜனவரி 14 இரவு புறப்பட விரும்புவோர் நவம்பர் 15 காலையில் விழிப்புடன் இருத்தல் வேண்டும். திரும்பும் பயணத்துக்குரிய முன்பதிவு நாளையும் அப்போதே நாட்காட்டியில் குறித்துவைப்பது அவசியம். போகும் சீட்டைப் பெற்றுத் திரும்பும் சீட்டை மறந்தவர், ஒரு நாள் விடுப்பை வீணே இழக்க நேரும்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு விடுப்புப் பயணச் சலுகை என்றொரு வாய்ப்பும் உண்டு. எல்.டி.சி. என்று அலுவலகங்களில் வழங்கும் இச்சலுகை 1956 அக்டோபரில் தோன்றியது. அதற்கடுத்த நவம்பர் முதல் தேதியில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன, கன்னியாகுமரியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன, கேரளம் உருவாயிற்று. பிழைக்கும் ஊருக்கும் பிறந்த ஊருக்கும் இடையே மாநில எல்லை புதிதாக அமைந்த அதே பருவத்தில், அவ்விரு ஊர்களையும் இணைக்கும் பயணச் செலவை அரசு ஏற்கத் தொடங்கியது பொருத்தமானதே. ஈராண்டுக்கு ஒருமுறை சொந்த ஊருக்குச் செல்லலாம். நான்காண்டுத் தொகுதியில் அவ்விரண்டில் ஒன்றை இந்தியாவின் எப்பகுதிக்கும் செல்லப் பயன்படுத்தலாம். 2026 முதல் 2029 வரை நடைபெறுவது ஒரு தொகுதி. இச்சலுகையைத் தற்செயல் விடுப்பிலும் பயன்படுத்தலாம். விடுப்பே எடுக்காமல் பொது விடுமுறை நாட்களில் மட்டும் சென்றுவந்தால் கிடைக்காது. குடும்பத்தார் தனியே பயணம் செய்யவும் இடமுண்டு. ஊழியரைச் சார்ந்து வாழும் பெற்றோரும் குடும்பத்தில் அடங்குவர்.

அரசு வேலையில் இல்லாதவர்களின் நிலை வேறு. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் விடுப்பு என்பது சட்டம். கடைச் சிப்பந்திக்கும் நாட்கூலிக்கு உழைப்பவருக்கும் ஊருக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் வருமானம் இழக்கும் நாளாக இருக்கக்கூடும். அத்தகையோர் பயணச் செலவோடு அந்நாட்களின் கூலியையும் கூட்டி, மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்கிவருவது நலம். அவர்களுக்கு விடுப்பு என்பது சேமிப்பின் மறுபெயர்.

இவ்வளவு கணக்கும் எதற்காக? நாட்களை மிச்சப்படுத்துவதைவிட, அவற்றை யாருக்கு அளிப்பது என்பதே பெரிய கேள்வி. ஆண்டில் இரு முறை, முறைக்கு ஐந்து நாட்கள் பெற்றோருடன் தங்குபவர், பத்தாண்டுகளில் அவர்களோடு கழிப்பது நூறு நாட்களே. எழுபதைக் கடந்த தாய்தந்தையருக்கு இந்த எண் மிகச் சிறியது. மரணச் செய்தி வந்தால், கிடைத்த வண்டியில் ஏறி ஓடுகிறோம். அலுவலகமும் தடை சொல்வதில்லை. விடுப்புக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. அவர்கள் திண்ணையில் அமர்ந்து வழிமேல் விழிவைத்திருக்கும் நாட்களிலோ, ‘அடுத்த மாதம் பார்ப்போம்’ என்று ஒத்திவைக்கிறோம். துக்கத்துக்கென்று தாமாகவே பிறக்கும் நாட்கள், பேசி மகிழ்வதற்கு மட்டும் ஏன் பிறக்காமற்போகின்றன? ஆகவே ஆண்டுத் திட்டத்தின் முதற்பங்கு, விழாவோ விசேஷமோ இல்லாத சாதாரண நாட்களில் பெற்றோருடன் தங்குவதற்கு உரியதாகட்டும். பண்டிகைக் கூட்டத்தில் பத்துப் பேருக்கு நடுவே கிடைக்காத பேச்சு, ஆளற்ற ஜூலை மாதத்துப் பிற்பகலில் கிடைக்கும். இரயிலிலும் இடம் எளிதில் கிடைக்கும்.

இரண்டாவது பங்கு தவிர்க்க இயலாத சடங்குகளுக்கு. எல்லாத் திருமணங்களுக்கும் குடும்பத்தோடு செல்ல வேண்டும் என்பதில்லை. ஒருவர் சென்றுவர, மற்றவர் அடுத்ததற்குச் செல்லலாம். மூன்றாவது பங்கே புதிய ஊர்களைக் காண்பதற்கு. அதற்கும் எப்போதும் விடுப்பு வேண்டுவதில்லை. மட்டாஞ்சேரியில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தும், போர்ச்சுகீசியர் 1555-ஆம் ஆண்டு வாக்கில் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த அரண்மனையில் உள்ள இராமாயணச் சுவரோவியங்களைக் காணாமலே மாற்றலாகிச் செல்லும் குடும்பங்கள் உண்டு. 1568-ஆம் ஆண்டில் எழுந்த யூதர் தேவாலயம் அதன் அருகிலேயே உள்ளது. அரண்மனைக்கு வெள்ளியும், தேவாலயத்துக்குச் சனியும் ஓய்வு நாள். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இரண்டையும் நடந்தே பார்த்துவிடலாம். 2023-ஆம் ஆண்டில் தொடங்கிய கொச்சி நீர் மெட்ரோவில் ஒரு மாலைப்பொழுது செல்வதும் குழந்தைகளுக்குப் பயணமே.

இன்னொரு வழியையும் எண்ணிப் பார்க்கலாம். எப்போதும் நாமே செல்ல வேண்டுமா? உடல்நிலை இடந்தரும் பெற்றோரை, மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில் நம்மிடம் அழைத்துவந்து பதினைந்து நாட்கள் வைத்துக்கொண்டால், அழைத்துவரவும் கொண்டுவிடவும் இரண்டு வார இறுதிகள் போதும். அலுவலகம் செல்லும் மகனையும் பள்ளி செல்லும் பேரக்குழந்தைகளையும் அவர்கள் அன்றாட வாழ்வில் காண்கிறார்கள். நாம் எங்கே, எப்படி வாழ்கிறோம் என்ற கவலை அவர்களுக்கு நீங்குகிறது.

ஆகவே நேயர்களே, புதிய நாட்காட்டி வந்ததும் முதலில் பெற்றோருக்குரிய நாட்களைக் குறியுங்கள். அவற்றிலிருந்து அறுபது நாட்கள் பின்னோக்கி எண்ணி, முன்பதிவு நாட்களைக் குறியுங்கள். மூன்று நாட்களைத் தற்செயலுக்கென விட்டுவையுங்கள். எஞ்சியவற்றை விழாவுக்கும் உல்லாசத்துக்கும் பகிர்ந்துகொள்ளுங்கள். அத்தாளின் நகலொன்றை ஊருக்கும் அனுப்புங்கள். பிள்ளைகள் வரும் தேதி முன்னரே தெரிந்துவிட்டால், காத்திருப்பதும் முதியோருக்கு ஓர் இன்பமாகும்.