விமானம் ஓட்டக் கற்கப் போகிறீர்களா? மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள்

சிறு விமானம் ஓட்டக் கற்க வேண்டும் என்ற ஆசை, அதையே தொழிலாகக் கொள்ள நினைக்காத பலருக்கும் உண்டு. மருத்துவர், மென்பொருள் ஊழியர், வணிகர் என யாருக்கும் அந்த ஆசை வரலாம். அதில் தவறேதும் இல்லை. தவறு நடப்பது பணம் கட்டும் மேசையில். தள்ளுபடி கிடைக்கும் என்ற பேச்சை நம்பி பல லட்சங்களை ஒரே தவணையில் கட்டிவிடுகிறார்கள். பிறகு பயிற்சி விமானம் பழுதாகி நிற்கிறது, பயிற்றுநர் வேலையை விட்டுப் போகிறார், மழைக்காலம் வந்துவிடுகிறது. பணத்தைத் திரும்பக் கேட்டால் பதில் இல்லை. உடனே டெல்லியில் உள்ள விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கு ஒரு மனு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பிலேயே வழக்குத் தொடரும் உரிமையும் கரைந்துபோகிறது. பொழுதுபோக்குக்காகப் பயில்பவர் வானத்தில் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டுமோ, அதே கவனம் தரையில் காகிதத்தின் மேலும் இருக்க வேண்டும்.

சட்டத்தின் கண்ணில் பொழுதுபோக்குப் பயிற்சி என்று தனியாக எதுவும் இல்லை. 16 வயது நிரம்பி, பத்தாம் வகுப்புத் தேறியவர் மாணவர் லைசென்ஸ் பெறலாம். அது இல்லாமல் தனியாகப் பறக்க முடியாது. சொந்த மகிழ்ச்சிக்காக ஓட்டுவதற்குத் தனியார் விமானி லைசென்ஸ் வேண்டும். அதற்கு 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதில் 20 மணி நேரம் தனியாக. எழுத்துத் தேர்வில் 70 விழுக்காடு மதிப்பெண் தேவை. இந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு கூலிக்கோ வாடகைக்கோ ஆள் ஏற்ற முடியாது. எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டாம் வகுப்பு மருத்துவத் தகுதி வேண்டும். விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம்தான் அதைப் பெற வேண்டும். தெரு முனை கிளினிக்கில் வாங்கிய சான்று செல்லாது. பணம் கட்டிய பிறகு நிறம் பிரித்தறிவதில் குறை இருப்பது தெரியவந்தால் யாரை நொந்து என்ன பயன்? முதலில் மருத்துவப் பரிசோதனை, பிறகுதான் கட்டணம்.

அடுத்து, பள்ளியைச் சரிபாருங்கள். டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனங்களின் பட்டியல் அதன் இணையதளத்தில் இருக்கிறது. வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழை நம்ப வேண்டாம். அங்கீகாரம் எந்தத் தேதி வரை செல்லும், எந்த விமான தளத்துக்குப் பொருந்தும் என்று பாருங்கள். இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள் உள்ளன, தலைமைப் பயிற்றுநர் இப்போது பணியில் இருக்கிறாரா என்று எழுத்தில் கேளுங்கள். டி.ஜி.சி.ஏ. 2025-இல் இப்பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தத் தொடங்கியது. முதல் பட்டியலில் முதல் இரு தரநிலைகளுக்கு ஒரு பள்ளி கூடத் தேறவில்லை. விளம்பரப் பலகையில் இருக்கும் வார்த்தைகளை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மொத்தமாகக் கட்டினால்தான் சலுகை என்பார்கள். பறக்காத மணிகளுக்குக் கிடைக்கும் சலுகையால் யாருக்கு லாபம் என்று யோசியுங்கள். பறந்த மணிகளுக்கு மட்டும் கட்டுங்கள். அதற்குப் பள்ளி சம்மதிக்காவிட்டால் சிறு தவணைகளாகக் கட்டுங்கள். ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்கள் இருந்தே ஆக வேண்டும்: ஒரு மணிக்கு எவ்வளவு கட்டணம், எத்தனை மாதத்துக்குள் பயிற்சி முடியும், விமானமோ பயிற்றுநரோ இல்லாமல் போனால் பணம் எத்தனை நாளில் திரும்பும், பறக்கும் நேரத்தை எங்கிருந்து எங்கு வரை கணக்கிடுவார்கள். விதிப்படி, மேலெழும்புவதற்காக விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து பயணம் முடிந்து நிற்கும் வரை பறப்பு நேரம்தான். ஓடுபாதைக்குக் காத்திருக்கும் நிமிடங்களும் உங்கள் கணக்கில் ஏறும். இவ்வளவு கேட்டால் பள்ளி முகம் சுளிக்கும் என்று தயங்குபவர்கள் உண்டு. கேள்விக்கே முகம் சுளிக்கும் பள்ளி, பணத்தைத் திருப்பித் தரும் நாளில் முகமே காட்டாது.

பறந்த மணிகளைப் பதியும் லாக் புக்கை ஒவ்வொரு பறப்புக்குப் பின்னும் அன்றே எழுதிப் பயிற்றுநரின் கையெழுத்தை வாங்குங்கள். பள்ளியின் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். பறக்காத மணியைப் பறந்ததாக எழுதித் தருகிறோம் என்று யார் சொன்னாலும் அங்கிருந்து விலகுங்கள். 2011-இல் போலி ஆவணங்களால் லைசென்ஸ் பெற்ற விமானிகள் கைதான செய்தி நாடறிந்தது. விமான விதிகளின் 19-ஆம் விதிப்படி லைசென்ஸை ரத்து செய்ய முடியும். உயிரின் கதை அதைவிடப் பெரிது: இல்லாத அனுபவத்தைக் காகிதம் தராது.

பெரும்பாலோர் கண்டுகொள்ளாத இன்னோர் ஆபத்து இன்சூரன்ஸ். கட்டணம் செலுத்திய பயணியாகச் செல்வதைத் தவிர மற்ற வகையில் விமானத்தில் பறக்கும்போது நேரும் விபத்தைப் பல தனிநபர் விபத்து பாலிசிகள் ஏற்பதில்லை. உங்கள் பாலிசியின் விலக்குகள் பகுதியை இன்றே படியுங்கள். புதிதாக ஆயுள் காப்பீடு எடுக்கும்போது விமானம் ஓட்டுவது பற்றிக் கேட்டிருந்தால் மறைக்காதீர்கள். பள்ளியின் விமானக் காப்பீடு, பயிலும் மாணவரையும் சேர்த்ததா என்று பார்த்து, பாலிசி நகலை வாங்குங்கள். நியாயமான கோரிக்கையை நிறுவனம் நிராகரித்தால் முதலில் அதன் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள்; 30 நாளில் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அந்த அலுவலகம் சென்னையிலும் உண்டு.

இனி, பணம் சிக்கிக்கொண்டால் என்ன வழி? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். காலாவதியான அங்கீகாரம், பொய் மணிக்கணக்கு, பாதுகாப்பற்ற விமானம் ஆகியவை பற்றி டி.ஜி.சி.ஏ.வுக்கு அவசியம் எழுதுங்கள். ஆனால் உங்கள் கட்டணத்தை வாங்கித் தருவது அதன் வேலை அல்ல. மனு போட்டதால் சட்டத்தின் கடிகாரம் நிற்காது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். பள்ளி எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே தரலாம். நீங்கள் செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை புகார்க் கட்டணமே இல்லை. முதலில் வழக்கறிஞர் நோட்டீஸை ஒப்புகையுடன் அனுப்புங்கள். ரசீது, வங்கிக் கணக்கு விவரம், ஒப்பந்தம், லாக் புக் நகல், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றைச் சேர்த்து, நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் பதியுங்கள். வழிகாட்டுதலுக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-இல் சொன்ன தீர்ப்பைப் பள்ளி நீட்டும். அந்த வாதம் வரும் என்று முன்பே எதிர்பார்த்து, எந்த மன்றம் ஏற்றது என்பதை வழக்கறிஞரோடு கலந்து முடிவு செய்யுங்கள். உரிமையியல் நீதிமன்றத்தில் பணம் கேட்டு வழக்குத் தொடரப் பொதுவாக 3 ஆண்டு காலவரம்பு உண்டு. இல்லாத அங்கீகாரத்தை இருப்பதாகக் காட்டி ஏமாற்றியிருந்தால் காவல் நிலையத்தில் மோசடிப் புகாரும் தரலாம். எந்த வழியானாலும், கையில் எழுத்து ஆதாரம் இருப்பவருக்கே அது பலன் தரும். மீண்டும் சொல்கிறேன்: மொத்தமாகக் கட்டாதீர்கள், எழுத்தில் இல்லாத வாக்குறுதியை நம்பாதீர்கள், பிரச்சினை எழுந்த தேதியை அன்றே குறித்து வையுங்கள்.