உயரத்தில் ஒரு குடும்பஸ்தர்

நேற்று இரவு இட்லிக்கு ஊறப்போட்டீர்களே உளுந்து, அது எந்த ஊரில் விளைந்தது என்று என்றாவது யோசித்ததுண்டா? வெளிநாட்டிலிருந்து நமக்கு வரும் உளுந்தில் பெரும் பங்கு பர்மாவில் விளைகிறது. இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டு, கப்பலேறி, வங்கக் கடலைத் தாண்டிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்குகிறது.

'இறங்குகிறது' என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! அதுவாக எங்கே இறங்கும்? யாரோ ஒருவர் இறக்கி வைக்கிறார். தரைக்கு நூறடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டு ஒன்றில் குனிந்து உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் இரண்டு பிடிகளை அசைத்து இறக்கி வைக்கிறார். அவர்தான் கிரேன் ஆபரேட்டர். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை இந்தத் தொழிலில் பிழைத்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றன.

அந்தக் கிரேன்காரரின் கதையை யாரும் எழுதுவதில்லை. அதற்குக் காரணம் வேடிக்கையானது. அவர் தம் வேலையைச் செவ்வையாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது! பெட்டி விழாது, கயிறு அறாது, கீழே நிற்பவர் பத்திரமாக வீடு போய்ச் சேருவார். முப்பது வருஷம் ஒன்றும் நடக்காமல் பார்த்துக் கொண்டவரைப் பற்றிப் பத்திரிகையில் என்ன செய்தி போடுவார்கள்?

அலையில் நனைந்த சாமான்கள்

ஒரு காலத்தில் சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கடலில் எட்டவே நின்றுவிடும். மசூலாப் படகுகளில் சரக்கும் மனிதர்களும் அலைமேல் ஏறி இறங்கிக் கரை சேர வேண்டும். நனையாமல் வந்த சாமான் அதிர்ஷ்டசாலி! 1861-ல் கடலுக்குள் நீளமாக ஓர் இரும்புப் பாலம் போட்டார்கள். 1875-ல் வேல்ஸ் இளவரசர் வந்திருந்தபோது துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கட்டி முடிகிற சமயத்தில், 1881 நவம்பரில், ஒரு புயல் வந்து எல்லாவற்றையும் பாழாக்கிவிட்டுப் போயிற்று. மனம் தளராமல் மறுபடியும் கட்டினார்கள். 1904-ல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில்தான் துறைமுகம் ஒழுங்கான உருவம் பெற்றது. 1964-ல் ஜவஹர் டாக் திறக்கப்பட்டது.

கப்பல் கரையோரமாகவே வந்து நிற்க ஆரம்பித்ததும் கிரேன்காரருக்கு மதிப்பு வந்தது. அரிசி மூட்டை, பருப்பு மூட்டை, பீப்பாய், மரம், மிஷின் எல்லாவற்றையும் வலையிலோ சங்கிலியிலோ கட்டித் தூக்கினார்கள். கப்பலின் மேல்தட்டில் ஒருவர் நின்று கையால் ஜாடை காட்டுவார். "ஆரியா!" என்று குரல் கொடுத்தால் 'இறக்கு' என்று அர்த்தம். போர்த்துக்கீசிய மாலுமிகள் விட்டுப் போன சொல் அது. நம் துறைமுகத் தொழிலாளர் வாயில் தமிழாகவே ஆகிவிட்டது!

மூட்டை சுமந்தவர்களுக்கு அந்த நாளில் வேலை நிச்சயமில்லை. கப்பல் வந்தால் கூலி; வராவிட்டால் அடுப்பில் பூனை. 1948-ல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குச் சட்டம் வந்தது. பின்னர் சென்னையிலும் அதற்கென ஒரு வாரியம் ஏற்பட்டது. தொழிற்சங்கங்களும் ஓயாமல் போராடின. அவற்றின் தலைவர்களில் ஒருவரான எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளையை 1957-ல் வடசென்னை மக்கள் பார்லிமெண்டுக்கே அனுப்பி வைத்தார்கள். மாதச் சம்பளம் என்று ஒன்று நிலைத்த பிறகுதான் பல வீடுகளில் பெண் குழந்தைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

தூளி ஆட்டிய கைகளுக்குத் தெரியும்

கிரேன்காரரின் சாமர்த்தியம் எதில் இருக்கிறது? தூக்குவதில் என்று நினைத்தால் தவறு. தூக்குவது மின்சாரத்தின் வேலை. தொங்குகிற சுமை ஆடாமல் பார்த்துக் கொள்வதுதான் அவருடைய வேலை.

குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்டியிருக்கிறீர்கள் அல்லவா? உயரமான உத்தரத்தில் கட்டிய தூளி மெதுவாக ஆடும். தாழ்ந்த கூரையில் கட்டியது வேகமாக ஆடும். குழந்தை குண்டா, ஒல்லியா என்பதைப் பொறுத்து அந்த நேரம் மாறுவதில்லை. கயிற்றின் நீளந்தான் கணக்கு. கிரேனிலும் இதே விதிதான். அறுபத்தைந்து அடிக் கயிற்றில் தொங்கும் பெட்டி ஒரு தடவை போய் வர ஏறக்குறைய ஒன்பது விநாடி ஆகும். கயிறு அதில் கால் பாகமானால் பாதி நேரம். பெட்டியை மேலே இழுக்க இழுக்க ஆட்டத்தின் தாளமே மாறிக்கொண்டு வரும்!

ஆடுகிற தூளியைச் சட்டென்று பிடித்து நிறுத்தினால் குழந்தை விழித்துக் கொள்ளும். தாய் என்ன செய்கிறாள்? தூளி போகிற பக்கமே கையைக் கூட விட்டு, நிதானமாக ஓய வைக்கிறாள். கிரேன்காரரும் அதையேதான் செய்கிறார். பெட்டி முன்னால் ஓடும்போது தாமும் கிரேனை அந்தப் பக்கமே சற்று நகர்த்தி, பெட்டிக்கு நேர் மேலே வந்து நிற்கிறார். ஆட்டம் அடங்கிவிடுகிறது. இந்தக் கைவாகு படித்து வருவதல்ல. வருஷக் கணக்கில் பழகி வருவது.

அப்படிப் பழகியவருக்கும் அபாயம் உண்டு. 2020 ஆகஸ்டு 1-ஆம் தேதி விசாகப்பட்டினம் கப்பல் கட்டும் தளத்தில் ஒரு பெரிய கிரேனைச் சோதித்துப் பார்த்த சமயம், அது சரிந்து விழுந்து பதினோரு பேர் மாண்டார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கிரேன்களைத் தரையோடு பூட்டிக் கட்டிவிட்டுத்தான் ஆட்கள் வீடு திரும்புவார்கள். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டதே, நினைவிருக்கிறதா? அப்படிப்பட்ட நாட்களில் நாம் ஜன்னலைச் சாத்துவதைப் பற்றிக் கவலைப்படுகிறோம். கிரேன்காரர் வீட்டு அம்மாளோ வாசலையே பார்த்துக் கொண்டிருப்பாள்.

"ஷ்! அப்பா தூங்கறாரு"

அவருடைய உத்தியோகத்தில் பாதியை வீட்டிலிருப்பவர்கள்தான் செய்தார்கள் என்றால் மிகையாகாது. துறைமுகம் தூங்குவதில்லை. பகல், மாலை, இரவு என்று மூன்று ஷிப்ட். இரவு முழுதும் கண் விழித்தவர் காலையில் வந்து படுப்பார். நூறடி உயரத்தில் கண் அசந்தால் என்ன ஆகும் என்பது மனைவிக்குத் தெரியும். ஆகவே அந்த வீட்டில் பகலில் அம்மி நகராது, ரேடியோ பாடாது. "ஷ்! அப்பா நைட் ஷிப்டு முடிச்சிட்டு வந்து தூங்கறாரு, வெளியே போய் விளையாடுங்க!" என்ற குரல்தான் கேட்கும். அந்தக் குழந்தைகள் கிசுகிசுவென்று பேசியே வளர்ந்தவர்கள்!

சாப்பாட்டிலும் கணக்கு உண்டு. கூண்டுக்குள் ஏறிவிட்டால் நினைத்தபோது இறங்க முடியாது. அதனால் தண்ணீரைக்கூட அளந்து குடிப்பார். காரம் கூடாது, வயிற்றைக் கெடுக்கும் பண்டம் கூடாது. கால்களுக்கிடையே கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தே பல வருஷம் கழிவதால் கழுத்தும் முதுகும் வலி எடுக்கும். இரவில் தைலம் தேய்த்துவிட்ட கை யாருடையது? பண்டிகை நாளில் கப்பல் வந்தால் அவர் இல்லாமலே குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்த்தது யார்? அவரைக் 'கெட்டிக்காரர்' என்று புகழ்ந்தவர்கள் உண்டு. வீட்டு அம்மாளுக்கு அந்தப் புகழில் பங்கு கொடுத்தவர்கள் குறைவு.

ஒரு கிரேன்காரி

இந்தத் தொழிலில் பேர் பெற்றவர் ஒருவராவது உண்டா என்று கேட்பீர்கள். உண்டு, அவர் ஒரு பெண்! போலந்து நாட்டில் கதான்ஸ்க் நகரின் கப்பல் கட்டும் தளத்தில் கிரேன் ஓட்டியவர் அன்னா வாலென்டினோவிச். கணவரை இழந்தவர், ஒரு பிள்ளைக்குத் தாய். தொழிலாளருக்காக வாதாடியதால், ஓய்வு பெற ஐந்தே மாதம் இருந்தபோது, 1980 ஆகஸ்டில் வேலையிலிருந்து நீக்கினார்கள். அவரை மறுபடியும் வேலையில் சேர்க்க வேண்டும் என்று ஆகஸ்டு 14-ல் தளமே வேலை நிறுத்தம் செய்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 'சாலிடாரிட்டி' இயக்கம். ஒன்பது வருஷத்தில் நாட்டின் ஆட்சியே மாறிற்று. 2010-ல் ஒரு விமான விபத்தில் அவர் காலமானார்.

நம் ஊர்க் கிரேன்காரருக்கு அப்படிப்பட்ட சரித்திரம் வாய்க்கவில்லை. அவரைச் சுற்றி உலகம் மாறியது மட்டும் உண்மை. 1956-ல் அமெரிக்காவில் 58 இரும்புப் பெட்டிகளுடன் ஒரு கப்பல் புறப்பட்டது. அந்தப் புதுமை 1983-ல் சென்னைக்கு வந்தது. நாட்டிலேயே முதல் தடவையாகப் பெட்டிகளுக்கென்றே தனித்துறை இங்கேதான் அமைந்தது. 2001-ல் எண்ணூரிலும் துறைமுகம் திறந்தார்கள். மூட்டை சுமந்த முதுகுகளுக்கு வேலை குறைந்தது; கிரேன் இன்னும் உயர்ந்தது. 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட கேரளத்து விழிஞ்ஞத்தில் கூண்டே இல்லாத கிரேன்களும் இருக்கின்றன. அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, சுற்றுவட்டாரப் பெண்களும் இயக்குகிறார்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது!

ஆனால் ஏணி ஏறி, காற்றில் ஆடும் கூண்டில் உட்கார்ந்து, கண்ணையும் கையையும் மட்டும் நம்பி வேலை செய்த தலைமுறை ஒன்று நம்மைவிட்டுப் போய்க் கொண்டிருக்கிறது. அவர்களில் பலர் மாலையிட்ட படங்களாகச் சுவரில் இருக்கிறார்கள். சம்பளச் சீட்டும் ஓய்வூதியப் புத்தகமும் பெட்டிக்குள் இருக்கின்றன. கதை மட்டும் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அது அந்த வீட்டுப் பாட்டிமார் மனத்தில் இருக்கிறது.

ஆகையால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு பாட்டி இருந்தால், வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய்வந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தாத்தா ஏறிய ஏணிக்கு எத்தனை படி? முதல் சம்பளத்தில் என்ன வாங்கி வந்தார்? புயல் இரவில் எத்தனை மணிக்குக் கதவைத் தட்டினார்? எந்த நாள் அவர் முகம் வெளுத்து வந்து, ஒன்றும் பேசாமல் குழந்தைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுத்தார்?

பேரனுடைய பள்ளிக்கூட நோட்டில் நாலு பக்கம் மிச்சமிருந்தால் போதும். பேனாவை எடுத்துக் கொள்ளுங்கள். பாட்டி சொல்லச் சொல்ல எழுதுங்கள்.