எண்ணூர் பால்கனியில கீரை வளர்க்கலாமா?

வட சென்னை அனல்மின் நிலையச் சாம்பல், கன்டெய்னர் லாரி புழுதி, உப்புக்காத்து. இதுக்கு நடுவுல வளர்ற செடியை நம்பிச் சாப்பிடலாமா? சாப்பிடலாம், மூணு விஷயம் பார்த்துட்டா.

முதல்ல மண். ரோட்டோரத்துல அள்ளின மண் வேண்டாம். அதுல ஈயம் மாதிரி கன உலோகம் இருக்கலாம். வேர் வழியா செடிக்குள்ள போயிட்டா, கழுவினாலும் போகாது. தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்துக்கோங்க. நார்க்கழிவுலயும் உப்பு உண்டு; ரெண்டு மூணு தடவை ஊறவெச்சு அலசிடுங்க.

அடுத்து செடி. ஈயம் பொதுவா இலையில சேர்ற அளவுக்குக் காயில சேராது. அதனால ரோட்டுப் பக்க பால்கனியில தக்காளி, கத்தரி, மிளகாய். கீரை, புதினாவுக்கு வெயில் விழுற உள்பக்க ஜன்னல்.

கடைசியா, ஓடுற தண்ணியில நல்லாக் கழுவுங்க. இலை மேல படிஞ்ச தூசி பெரும்பாலும் போயிடும்.

தொட்டி மண்ணை நாம தேர்ந்தெடுக்கலாம். காத்தை முடியாது. அதுக்கு ஊரே சேர்ந்துதான் கேக்கணும்.