சிங்கப்புரா பூனையின் ஐந்து பிரதிகள்

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் இருந்துவந்த தடை நீங்கி, ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை உரிமம் பெற்று வளர்க்கலாம் என்ற விதி 2024 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தபின், எந்தப் பூனை நல்லது என்ற கேள்வி சிங்கப்பூர்க் குடும்பங்களில் எழுவது இயல்பே. சாங்கி விமான நிலையம் வழியாக வம்சாவளிச் சான்றிதழோடு வந்திறங்கும் இனப்பூனைகளுக்கு 'தூய இனம்' என்றும் 'மரபணுச் சோதனை முடிந்தது' என்றும் விளம்பரம் செய்யப்படுகிறது. முதலாவது பெருமை எந்த அளவுக்கு உண்மையோ அந்த அளவுக்கு இரண்டாவது தேவைப்படுகிறது என்பதும், எத்தனை சோதனை செய்தாலும் ஓர் இனத்துக்குள் இல்லாமற்போன ஒன்றை அது உண்டாக்கித் தராது என்பதும் வாங்குவோருக்குச் சொல்லப்படுவதில்லை. இதற்குத் தெளிவான சான்றாக இருப்பது நாட்டின் பெயரையே தாங்கிய சிங்கப்புரா பூனை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஹால் மெடோ, டாமி மெடோ என்னும் அமெரிக்கத் தம்பதியர் 1975-இல் சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பியபோது கொண்டுசென்ற மூன்று பூனைகளே இந்த இனத்தின் மூதாதைகள். அவை 1974-இல் அமெரிக்காவிலிருந்தே சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டவை என்று காட்டும் ஆவணங்கள் பிற்பாடு வெளிவந்ததால், பர்மியப் பூனையையும் அபிசீனியப் பூனையையும் கலந்து உண்டாக்கிய இனமோ என்ற ஐயம் எழுந்தது. அமெரிக்கப் பூனைப் பதிவுச் சங்கம் விசாரித்து, இயற்கை இனம் என்ற தகுதியை நீக்காமல் விட்டது. சுற்றுலாத் துறை 'குசிந்தா' என்று பெயரிட்டுச் சின்னமாக்கிக்கொண்ட இந்தப் பூனையின் பிறப்பிடத்தைப் பற்றி எழுதப்பட்டதில் பத்தில் ஒரு பங்குகூட அதன் உடல்நலத்தைப் பற்றி எழுதப்படாதது வருத்தத்துக்குரியது. 2008-இல் வெளியான ஆய்வொன்று 22 பூனை இனங்களின் மரபணுக்களை ஒப்பிட்டபோது, மரபணுப் பன்மை மிகக் குறைவாக இருந்தவை பர்மியப் பூனையும் சிங்கப்புராவும் என்று தெரியவந்தது.

அந்த மூன்று பூனைகள் எங்கே பிறந்திருந்தாலும் அடிப்படைக் கணக்கு மாறுவதில்லை. ஒவ்வொரு பூனையும் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகளைச் சுமப்பதால், மூன்று பூனைகளிடம் ஆறு பிரதிகள் இருந்திருக்கவேண்டும். ஆனால் அவற்றுள் இரண்டு ஒரே ஈற்றில் பிறந்த ஆணும் பெண்ணும் ஆகும். தாயிடமுள்ள இரு பிரதிகளில் ஆளுக்கு வேறொன்று அந்த இரு குட்டிகளுக்கும் போய்ச் சேரும் வாய்ப்பு பாதிதான், மறுபாதி வாய்ப்பில் இரண்டும் ஒரே பிரதியைப் பெற்றிருக்கும். ஆகவே தாயிடமிருந்து சராசரியாக ஒன்றரை, தந்தையிடமிருந்து ஒன்றரை என மூன்று பிரதிகளே அவை இரண்டிடமும் சேர்ந்து தப்பிப் பிழைத்திருக்கும். தனியாக வந்த பெண் பூனையின் இரண்டையும் கூட்டினால் ஐந்து. ஏறக்குறைய இருபதாயிரம் மரபணுக்களில் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக ஐந்து பிரதிகளோடு தொடங்கியது ஓர் இனம். 1981-இல் சிங்கப்பூர் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்திலிருந்து சேர்க்கப்பட்ட இன்னொரு பூனை அதிகபட்சம் இரண்டைக் கூட்டியிருக்கும்.

கையிருப்பு சிறிதென்பதைவிட, அது தலைமுறைதோறும் தானாகவே கரைகிறது என்பதே பெரிய சிக்கல். இந்தக் கரைவை மரபணு நகர்வு என்பர். நல்லது கெட்டது பாராமல் குருட்டு வாய்ப்பினாலேயே சில பிரதிகள் அடுத்த தலைமுறையை எட்டாமற்போவது இது. தாய்வீட்டு அஞ்சறைப்பெட்டியில் கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், சோம்பு ஐந்தும் கலந்து கிடக்க, தனிக்குடித்தனம் போகும் மகள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி அள்ளிச் செல்கிறாள் என்று வைத்துக்கொண்டால், பிடி சிறுத்திருந்தால் வெந்தயம் அகப்படாமற்போகலாம். அவள் மகளும் அந்தப் பெட்டியிலிருந்தே அள்ளுவாளானால் அந்த வீட்டில் இனி வெந்தயம் இல்லை. அக்காள் தங்கைகள் தமக்குள் மாற்றிக்கொள்வதால் எஞ்சியிருப்பது கலையுமேயன்றிப் போனது திரும்பாது. காட்சியில் பரிசு வென்ற ஓர் ஆண் பூனையையே எல்லாரும் நாடிச் செல்வது, ஊரே ஒரு வீட்டுப் பெட்டியில் கைவைப்பதற்கு ஒப்பாகும். பெட்டியில் ஒரு சொத்தைக் கடுகு கண்ணில் பட்டதென்று பிடியோடு வெளியே கொட்டுபவர், அதனோடு ஒட்டிக் கிடந்த கடைசி இரண்டு சோம்பையும் கொட்டிவிடுகிறார். போன சரக்கு வேண்டுமென்றால் சிராங்கூன் சாலைக் கடைக்குத்தான் போகவேண்டும்.

சொத்தைக் கடுகு இங்கே வெறும் உவமை அன்று. சிங்கப்புராவில் காணப்படும் பைருவேட் கைனேஸ் குறைபாட்டில், சர்க்கரையிலிருந்து ஆற்றல் எடுக்க உதவும் அந்த நொதி குன்றுவதால், வேறு ஆற்றல் வழியற்ற சிவப்பணுக்கள் காலத்துக்கு முன்பே அழிந்து இரத்தசோகை உண்டாகிறது. பழுதான பிரதி இரண்டு சேர்ந்தால் மட்டுமே நோய் வரும். ஒன்றை மட்டும் சுமக்கும் பூனை, அதாவது கடத்தி, நலமாகவே வாழும். சோதனையில் கடத்தி என்று தெரிந்த பூனைகளையெல்லாம் இனப்பெருக்கத்திலிருந்து விலக்கிவிட்டு 'நோயற்ற வம்சம்' என்று விளம்பரம் செய்வது, இவ்வளவு சிறிய இனத்தில் பெருந்தவறு. கடத்தியைப் பழுதற்ற பூனையோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் நோய் வராது, சராசரியாகப் பாதிக் குட்டிகள் பழுதற்றுப் பிறக்கும். அவற்றைத் தேர்ந்து வளர்த்தால் பழுது நீங்கும், மற்ற பிரதிகளும் தங்கும். கருப்பைத் தசை தளர்ந்து குட்டியை வெளித்தள்ள இயலாமல் அறுவை தேவைப்படும் நிலையும் இந்த இனத்தில் உண்டு. அந்தத் தளர்ச்சி தொடக்கப் பூனைகளில் ஒன்றிடமே இருந்ததாகச் சொல்லப்படுகிறது.

நல்ல பிரதி இனத்தில் ஒன்றுகூட மிஞ்சாதபோது சோதனைக்கு வேலையே இல்லை என்பதை டால்மேஷியன் நாய் காட்டியது. யூரிக் அமிலத்தைக் கையாளும் மரபணு அந்த இனத்தின் எல்லா நாய்களிலும் பழுதாகியிருந்ததால் சிறுநீர்க் கல் அதன் தலைவிதி என்றே கருதப்பட்டது. 1973-இல் ராபர்ட் ஷைபிள் என்னும் மரபியலாளர் ஒரு டால்மேஷியனை பாயின்டர் இன நாயோடு ஒரே ஒருமுறை கலந்து, பிறந்த குட்டிகளைத் தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனோடே சேர்த்துவந்தார்; நல்ல பிரதி வந்துசேர்ந்தது, புள்ளிகளும் போகவில்லை. பழுதான மரபணு எதுவென்று 2008-இல் கண்டறியப்பட்டது. அமெரிக்க நாய்ச் சங்கம் அந்தக் குட்டிகளின் வழித்தோன்றல்களை ஏற்க 2011 ஆனது. நலமான நாய் கண்முன் நின்றும் பதிவேட்டின் தூய்மைக்காக முப்பத்தெட்டு ஆண்டுகள் கடந்தது பொறுக்கத்தக்கதன்று.

சிங்கப்புராவுக்கும் வெளிக்கலப்பை, அதாவது இனத்துக்கு வெளியிலுள்ள பூனையோடு கலப்பதை, அனுமதிப்பது தேவை என்று பிரிட்டனின் பூனைப் பதிவு அமைப்பு 2013-இல் ஒப்புக்கொண்டது. இனத்தின் அழகு கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு மரபியலில் இடமில்லை. ஒவ்வொரு மயிரிலும் வண்ணப் பட்டைகள் மாறிமாறி வரும் பண்பு ஓங்குபண்பு, தந்தம்போன்ற நிறத்தில் பழுப்பு படரச் செய்யும் பண்பு ஒடுங்குபண்பு. ஆகவே தெருப்பூனையோடு கலந்த முதல் தலைமுறை பட்டையோடும் அடர்நிறத்தோடும் பிறக்கும். அதை மறுபடி சிங்கப்புராவோடு சேர்த்தால் எல்லாக் குட்டிகளுக்கும் பட்டையும் பாதிக் குட்டிகளுக்குப் பழைய நிறமும் வந்துவிடும். நிறத்துக்குத் தொடர்பற்ற மற்ற மரபணு இடங்களிலோ சராசரியாகப் பாதியில் ஒரு புதிய பிரதி அமர்ந்திருக்கும். தோற்றம் இரண்டே தலைமுறையில் திரும்ப, சரக்கு மட்டும் பெருகியிருப்பது மரபியலின் அருமையான ஏற்பாடு.

அந்தச் சரக்கு சிங்கப்பூரிலேயே இருக்கிறது. பட்டை மயிரும் பழுப்பு நிறமும் தென்கிழக்காசியத் தெருப்பூனைகளிடம் பழங்காலந்தொட்டுக் காணப்படுபவை. அடுக்குமாடிக் கீழ்த்தளங்களில் உலவும் பூனைகள் அந்தப் பழைய கூட்டத்தின் வழிவந்தவை. ஆனால் அவற்றில் பலவற்றின் இடது காது நுனி வெட்டப்பட்டிருக்கும். கருத்தடை செய்யப்பட்டதற்கான அடையாளம் அது. தெருப்பூனைகளின் துன்பத்தைக் குறைக்கும் அந்தப் பணி நிற்கக்கூடாது. அறுவைக்கு முன் சில துளி இரத்தமெடுத்து, பைருவேட் கைனேஸ் பழுதில்லாத, ஒன்றுக்கொன்று உறவில்லாத நான்கைந்து பூனைகளை மட்டும் உரிமத்தோடும் கண்காணிப்போடும் ஒதுக்கிவைக்க இனவளர்ப்போரும் கருத்தடைப் பணியில் உள்ளோரும் கலந்துபேசவேண்டும். பிறக்கும் அடர்நிறக் குட்டிகளையும் பதிவேட்டில் ஏற்பதாகச் சங்கங்கள் முன்கூட்டியே எழுதித் தரவேண்டும்.