தகட்டுக்குள் இறங்கும் படம்

ஜூன் மாதம் பிறந்தால் கொச்சியில் மழை தொடங்கிவிடும். அங்கே ஓர் ஆண்டில் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல் இது இரண்டு மடங்கு. மட்டாஞ்சேரி காயலின் கரையில் இருக்கிறது. மழைக்காலத்தில் பழைய வீடுகளின் சுவர்களில் ஓதம் ஏறும். துணி காயாது. உப்பு கசியும்.

சுவரில் மாட்டிய குடும்பப் படமும் தப்பாது. கண்ணாடிக்குள் ஈரம் புகும். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஓரத்தில் பூஞ்சை படரும். சில ஆண்டுகளில் முகமே தெரியாமல் போய்விடும். அது தாத்தாவின் ஒரே படமாக இருக்கலாம்.

2018 ஆகஸ்டு மாதம் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. பல வீடுகளில் தண்ணீர் புகுந்தது. பத்திரமும் ரேஷன் அட்டையும் சான்றிதழும் நனைந்தன. அவற்றுக்கு மாற்று நகல் கேட்டு அரசு அலுவலகத்துக்குப் போகலாம். நனைந்துபோன குடும்பப் படத்துக்கு எந்த அலுவலகத்துக்குப் போவது?

ஈரத்தில் கெடாத படம் உண்டா? உண்டு. அலுமினியத் தகட்டில் படம் பதிக்கும் முறை ஒன்று இருக்கிறது. கடைகளில் இதைச் 'சப்ளிமேஷன்' என்று சொல்வார்கள். இந்த முறையில் படம் தகட்டின் மேல் ஒட்டியிருப்பதில்லை. தகட்டின் பூச்சுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது.

மட்டாஞ்சேரியின் நீலப் பூக்கள்

படம் மேலே இருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் என்ன வேறுபாடு? மட்டாஞ்சேரியிலேயே இதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது.

அங்கே யூதர்களின் தொழுகைக்கூடம் ஒன்று உள்ளது. பரதேசி சினகாக் என்று அதற்குப் பெயர். 1568-ஆம் ஆண்டு கட்டப்பட்டது. அதன் தரையில் பீங்கான் டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். வெள்ளை நிறத்தில் நீலப் படங்கள். எல்லாம் கையால் வரைந்தவை. 18-ஆம் நூற்றாண்டில் எசேக்கியேல் ரஹாபி என்ற வணிகர் இவற்றைச் சீனாவிலிருந்து வரவழைத்தார்.

250 ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் அந்தத் தரையில் நடக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆனாலும் எத்தனை லட்சம் கால்கள்! நீலப் படங்கள் இன்றும் இருக்கின்றன. எப்படி?

இப்படிப்பட்ட பீங்கானில் முதலில் நீல வண்ணத்தால் படம் வரைவார்கள். அதன் மேல் ஒரு பூச்சுப் பூசுவார்கள். பிறகு சூளையில் வைத்துச் சுடுவார்கள். சூட்டில் அந்தப் பூச்சு கண்ணாடி போல் உருகிப் படத்தை மூடிக்கொள்ளும். காலில் படுவது கண்ணாடிப் பூச்சு. படம் அதற்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

அலுமினியத் தகட்டு வேலையிலும் இதே எண்ணம்தான். படத்தைப் பூச்சுக்குள் வைத்துக் காப்பது. ஆனால் செய்யும் வழி வேறு.

கற்பூரம் சொல்லும் பாடம்

கற்பூரத்தைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? நாளுக்கு நாள் சிறுத்துப்போகும். கடைசியில் காணாமலே போய்விடும். அது உருகித் தண்ணீராக ஓடுவதில்லை. கட்டியாக இருந்தது நேரே ஆவியாகிவிடுகிறது. பீரோவில் போடும் பாச்சை உருண்டையும் இப்படித்தான். இதற்குப் பதங்கமாதல் என்று பெயர். ஆங்கிலத்தில் சப்ளிமேஷன்.

சில சாயங்களுக்கும் இந்தக் குணம் உண்டு. நன்றாகச் சூடாக்கினால் அவை ஆவியாகும். இந்தச் சாயங்கள் 1920-களில் செயற்கைப் பட்டுக்குச் சாயம் ஏற்ற உருவானவை. 1957-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் நோயல் டி பிளாஸ் என்பவர் இந்தக் குணத்தைக் கவனித்தார். தாளில் இருக்கும் சாயத்தைச் சூட்டால் துணிக்கு மாற்றலாம் என்று கண்டார். பிறகு பீங்கான் கோப்பைக்கும் உலோகத் தகட்டுக்கும் இந்த முறை பரவியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சாயம் எல்லாப் பொருளிலும் பிடிக்காது. பாலியஸ்டர் போன்ற செயற்கைப் பொருளில்தான் நன்றாகப் பிடிக்கும். பருத்தித் துணியில் நிற்காது. வெறும் அலுமினியத்திலும் நிற்காது. ஆகவே பாத்திரக் கடையில் வாங்கிய தகடு இதற்கு உதவாது. பாலியஸ்டர் பூச்சுப் பூசிய தகடுதான் வேண்டும். அதை இதற்கென்றே செய்து விற்கிறார்கள். சுமார் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை கனம் இருக்கும்.

சூடு ஏறும்போது பூச்சு இளகுகிறது. சாயம் ஆவியாகி அதற்குள் நுழைகிறது. சூடு ஆறியதும் பூச்சு இறுகுகிறது. உள்ளே போன சாயம் அங்கேயே மாட்டிக்கொள்கிறது. விரலால் தேய்த்தாலும் போகாது. ஈரத் துணியால் துடைத்தாலும் போகாது.

வேலை நடக்கும் விதம்

முதலில் படத்தைக் கணினியில் ஏற்ற வேண்டும். பிறகு இடம் வலமாக, வலம் இடமாக மாற்ற வேண்டும். கண்ணாடியில் எழுத்து எப்படித் தெரியும்? அப்படி. தாளைக் கவிழ்த்து வைக்கும்போது படம் நேராகிவிடும். இதை மறந்தால் பெயர்ப் பலகையில் எழுத்தெல்லாம் பின்னிருந்து முன்னாக வரும்.

அடுத்து, சாய மையால் இதற்கான தாளில் அச்சடிக்க வேண்டும். தாளில் நிறம் மங்கலாகத் தெரியும். பயப்பட வேண்டியதில்லை. சூடு பட்ட பிறகுதான் நிறம் எடுக்கும். இந்த மையில் வெள்ளை கிடையாது. வெள்ளைத் தகட்டின் நிறமே படத்தில் வெள்ளையாக நிற்கும். வெள்ளி நிறத் தகட்டில் அச்சடித்தால் வெள்ளைச் சட்டையும் வெள்ளி நிறமாகத்தான் தெரியும்.

தகட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒட்டியிருக்கும். அதை உரித்துவிட வேண்டும். பிசிறு விடாத துணியால் தகட்டைத் துடைக்க வேண்டும். ஒரு தூசி இருந்தாலும் அந்த இடத்தில் புள்ளி விழும்.

தாளைத் தகட்டின் மேல் கவிழ்த்து, சூடு தாங்கும் டேப்பால் ஒட்ட வேண்டும். பிறகு சூட்டு அழுத்த இயந்திரத்தில் வைக்க வேண்டும். இது ஒரு பெரிய இஸ்திரிப் பெட்டி போன்றது. கொச்சிக் கோட்டையில் வேலி என்ற இடத்தில் தோபிகானா இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் குடும்பங்கள் அங்கே சலவைத் தொழில் செய்கின்றன. அங்கே கேட்டால் சொல்வார்கள். சூடு குறைந்தால் சுருக்கம் போகாது. சூடு கூடினால் துணி பொசுங்கும். இங்கேயும் அதே கதைதான்.

கொதிக்கும் தண்ணீரின் சூடு 100 டிகிரி செல்சியஸ். இந்த வேலைக்குச் சுமார் 200 டிகிரி வேண்டும். நேரம் பெரும்பாலும் ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம். தகட்டுக்குத் தகடு இது மாறும். தகடு செய்தவர் தரும் குறிப்பைப் படித்து அதன்படி செய்ய வேண்டும்.

நேரம் முடிந்ததும் தகட்டை எடுத்துத் தாளை உரிக்க வேண்டும். அப்போது தாள் நகரக் கூடாது. நகர்ந்தால் படத்துக்குப் பக்கத்தில் நிழல் போல இன்னொரு படம் விழும். தகடு கடும் சூடாக இருக்கும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

மழைக்காலத் தொல்லை

ஈரத்திலிருந்து படத்தைக் காக்கத்தான் இந்த வேலை. ஆனால் வேலை செய்யும்போதே ஈரம் தொல்லை தரும். மழைக்காலத்தில் தாள் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 200 டிகிரிச் சூட்டில் அந்த ஈரம் நீராவியாகும். படத்தில் திட்டும் கறையும் விழும். ஆகவே தாளைக் காற்றுப் புகாத பெட்டியில் வைக்க வேண்டும். அச்சடித்த தாளை நன்றாக உலரவிட வேண்டும்.

வேலை செய்யும் அறையில் காற்றோட்டம் வேண்டும். சூட்டில் கிளம்பும் ஆவியையும் புகையையும் மூச்சில் இழுக்கக் கூடாது. இந்த இயந்திரத்தைச் சாதாரணச் சிறிய பிளக்கில் செருகக் கூடாது. 15 அல்லது 16 ஆம்பியர் பிளக் வேண்டும். எர்த் இணைப்பு கட்டாயம் வேண்டும். குழந்தைகளை அருகில் விடக் கூடாது.

வெயில் ஆகாது

இந்தப் படம் என்றும் அழியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஈரத்தை இது தாங்கும். நேரடி வெயிலைத் தாங்காது. தினமும் வெயில் பட்டால் நிறம் மெல்ல வெளுத்துவிடும். வாசலில் வெயிலில் தொங்கும் கடைப் பலகைக்கு இது ஏற்றதல்ல. வீட்டுக்குள் நிழலான சுவருக்கு ஏற்றது.

சாம்பல், தேய்ப்புத் தூள், கம்பி நார் எதுவும் போட்டுத் தேய்க்கக் கூடாது. பூச்சு கீறினால் உள்ளே இருக்கும் படமும் கீறும். தகட்டை வெட்டிய ஓரத்தில் பூச்சு இருக்காது. கடலோரக் காற்றின் உப்பு அங்கே பட்டால் வெள்ளையாகப் பூத்துக் கெடும். மென்மையான ஈரத் துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

கடைக்குப் போகும்முன்

பழைய படத்தைப் பதிக்க வேண்டுமா? நகல் நன்றாக இருக்க வேண்டும். ஸ்கேன் செய்வது நல்லது. ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பலவந்தமாகப் பிரித்தால் முகம் கிழிந்துவிடும். அதைக் கண்ணாடியோடு சேர்த்தே நகல் எடுக்கச் சொல்லலாம்.

கணினியில் படம் என்பது சிறு சிறு புள்ளிகள். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால் படம் தெளிவாக வரும். 8 அங்குலத்துக்கு 10 அங்குலம் அளவுள்ள தகட்டைக் கணக்குப் போடலாம்.

8 × 300 = 2,400
10 × 300 = 3,000
2,400 × 3,000 = 72,00,000

அதாவது 72 லட்சம் புள்ளிகள். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படத்தின் புள்ளிகள் குறைந்துவிடும். அதைத் தகட்டில் பதித்தால் முகம் கலங்கித் தெரியும். ஆகவே 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்புவது நல்லது.

கடைக்காரரிடம் ஒன்று கேட்க வேண்டும். "இது பூச்சுக்குள் இறங்கும் அச்சா, ஸ்டிக்கரா?" ஸ்டிக்கர் என்றால் ஓரத்தில் நகம் படும். ஈரத்தில் ஓரம் கிளம்பும். இரண்டுக்கும் ஒரே விலை கொடுக்கக் கூடாது.

இதையே தொழிலாகச் செய்ய நினைப்பவர்கள் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். தகடு, தாள், மை, மின்சாரம், உழைப்பு எல்லாம் செலவு. 1,800 வாட் இயந்திரம் ஒரு மணி நேரம் முழுச் சூட்டில் இயங்கினால் 1.8 யூனிட் மின்சாரம் ஆகும். கெட்டுப்போகும் தகட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உள்ளே இறங்கிய படத்தை அழித்து மறுபடி பதிக்க முடியாது. 10 தகட்டில் ஒன்று கெட்டால் அதன் விலையை மற்ற 9 தகடுகள்தான் சுமக்க வேண்டும். கடன் வாங்கி இயந்திரம் வாங்கும்முன் மாதம் எத்தனை பேர் படம் பதிக்க வருவார்கள் என்று விசாரிப்பது நல்லது.

பெயரையும் எழுதுங்கள்

மட்டாஞ்சேரித் தொழுகைக்கூடத்தில் டைல்ஸ் மட்டும் இல்லை. செப்பேடுகளும் பாதுகாக்கப்பட்டு வந்திருக்கின்றன. சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் அரசர் பாஸ்கர ரவிவர்மன் அவற்றை வழங்கினார். யூதர்களின் தலைவர் ஜோசப் ரப்பானுக்குத் தந்த உரிமைகள் அதில் இருக்கின்றன. எழுத்து வட்டெழுத்து. செம்பில் வெட்டிய எழுத்து.

ஜோசப் ரப்பானின் முகம் எப்படி இருந்தது? யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் பெயர் தெரியும். எழுதி வைத்ததால் தெரியும்.

நம் வீட்டுப் படங்கள் பலவற்றில் நிலைமை வேறு. முகம் தெரிகிறது. பெயர் தெரியவில்லை. "இது யார்?" என்று பேரன் கேட்டால் பாட்டிக்குத்தான் தெரியும். பாட்டிக்குப் பிறகு யார் சொல்வார்கள்?

ஆகவே படத்தைத் தகட்டில் பதிக்கும்போது கீழே பெயரும் ஊரும் ஆண்டும் சேர்க்கச் சொல்லுங்கள். பழைய படத்தைத் தூக்கி எறிய வேண்டாம். உலர்ந்த இடத்தில் பத்திரமாக வையுங்கள். அதன் பின்பக்கத்தில் பென்சிலால், அழுத்தாமல், பெயரை எழுதுங்கள். பேனா மை கசிந்து படத்துக்குள் இறங்கிவிடும்.

தகட்டு வேலைக்கு இயந்திரம் வேண்டும். பணம் வேண்டும். பெயர் எழுத ஒரு பென்சில் போதும். அதை இன்றைக்கே செய்யலாம்.